பூக்கா புகுந்த பக்கம்

திங்கட்கிழமை காலை ஒன்பது பத்துக்கு ட்ரம்கீலன் பள்ளிக்கூடத்தின் நடு வகுப்பில் எழும் கூச்சல் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் தபால் நிலையம்வரை கேட்கும். முத்திரை குத்திக்கொண்டிருக்கும் அம்மாள் தலை நிமிராமலே, “பூக்கா வந்துட்டுது” என்பாள். வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். ஊரில் எல்லாருக்கும் விஷயம் தெரியும்.

ஹாலோவீன் தாண்டிவிட்டால் வேலியோரத்துக் கருமுட்பழங்களை அந்த வட்டாரத்தில் ஒருவரும் தொடமாட்டார்கள். பூக்கா எல்லாவற்றின்மேலும் துப்பிவிட்டுப் போயிருக்கும். ஆடாக வருமோ குதிரையாக வருமோ என்று சொல்ல முடியாத அந்தக் குறும்புப் பேய், பழங்களைக் கெடுத்து முடித்தபிறகு குளிர்காலம் முழுக்க என்ன செய்யும்? பள்ளிக்கூடத்துக்குள் புகுந்து பக்கங்களைக் கெடுக்கும். இந்த இரண்டாம் பாதி மட்டும் அட்ராக்டா கில்ஹூலி டீச்சரின் சொந்தக் கண்டுபிடிப்பு.

அவள் செய்தது இதுதான். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வைக்கோல் தொப்பி போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் ஆடுகிற கூத்து ட்ரம்கீலனில் உண்டு. கேப்டன், வைத்தியன், செத்து விழுகிற வீரன் என்று ஒன்பது வேஷம், ஒவ்வொரு வேஷத்துக்கும் ஒரு பாட்டு. அந்தப் பாட்டுகளைப் பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். வெள்ளிக்கிழமை சரியாக இருந்த தாளில், திங்கட்கிழமை காலை ஓரிரு சொற்கள் மாறியிருக்கும். எந்தச் சொல்லைப் பூக்கா மாற்றியது என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்க வேண்டுமென்றால் வாசித்தாக வேண்டும்.

பதினோரு வருஷமாக இது தவறியதில்லை. புத்தகத்தைக் கண்டாலே வயிற்றுவலி வந்துவிடும் பிள்ளைகள்கூட நாற்காலிமேல் ஏறி நின்று வாசித்தார்கள். தலைமையாசிரியர் மலக்கி ஃப்ளின் முதல் வருஷம் மூக்கைச் சுளித்தார். இரண்டாம் வருஷம் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போய் அதைத் தன் யோசனை என்று சொல்லிவிட்டு வந்தார். அட்ராக்டாவுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. தன் வேலை தனக்குத் தெரியும் என்று நம்புகிறவள் அவள். அந்த நம்பிக்கைக்குக் காரணமும் இருந்தது.

டிசம்பர் மூன்றாவது திங்கட்கிழமை சாலையெல்லாம் உறைபனி. பள்ளி வேன் ஓட்டும் மஜெல்லா மெக்கோர்ட்டி, தன் மகள் ரியோனாவை மட்டும் வாசலில் இறக்கிவிட்டு, மற்ற பிள்ளைகளை அழைத்துவர ஆமை வேகத்தில் கிளம்பிப் போனாள். வகுப்பில் டீச்சரும் ரியோனாவும் மட்டும்.

ரியோனாவுக்கு ஒன்பதரை வயது. வகுப்பிலேயே உரத்த குரல் அவளுடையதுதான். அவள் அம்மா மஜெல்லாதான் கூத்துக்குழுவின் கேப்டன். அதனால் ஒன்பது பாட்டும் தொட்டிலில் கிடந்தபோதே அவள் காதில் விழுந்தவை. இந்த வருஷம் பிள்ளைகள் குழுவில் வைத்தியன் வேஷம் அவளுக்குத்தான்.

“சீக்கிரமா வந்ததுக்குப் பரிசு. இன்னிக்குப் பூக்காவ நீயே முதல்ல பிடி” என்றாள் அட்ராக்டா. சொல்லிவிட்டு, மக்கர் செய்கிற ஹீட்டரின் முன்னால் முதுகைக் காட்டிக் குனிந்தாள்.

ரியோனா சுவருக்கு முன்னால் போய் நின்று, இடுப்பில் கைவைத்து ஆரம்பித்தாள்.

“வந்தேன் வந்தேன் வைத்தியன் வந்தேன்,
வாத்துக் கொழுப்பில் மருந்தொன்று செய்தேன்,
ஆடும் பல்லுக்கும் அடங்காத இருமலுக்கும்
ஆறு சொட்டு போதும், எழுந்து நடப்பான்.”

ஏற்ற இறக்கம், நிறுத்தம், கடைசி வரியில் ஒரு கண் சிமிட்டல், எல்லாம் அம்சமாக இருந்தது. “பூக்கா இன்னிக்கு லீவு, டீச்சர். எதையும் தொடல” என்றாள்.

அட்ராக்டாவின் கை ஹீட்டரின் பொத்தான்மேலேயே நின்றுவிட்டது. தாளில் கடைசி வரி, ‘ஆறு பன்றி போதும்’ என்று இருந்தது. நேற்று மாலை அவளே சிரித்துக்கொண்டே எழுதியது. இதைவிடத் தடித்த எழுத்து அந்தச் சுவரில் வேறு இல்லை.

அவள் திரும்பினாள். ரியோனா அவள் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

“ஐயோ, சும்மா சொன்னேன் டீச்சர். இருக்கு, இருக்கு. உங்களை ஏமாத்திப் பாத்தேன்.” அவள் விரல் முதல் வரியிலிருந்து மெதுவாக நகர்ந்தது. இரண்டாம் வரி. மூன்றாம் வரி. கடைசி வரியில் சரியாகப் ‘பன்றி’மேல் போய் நின்றது. “இதோ. இதுதானே?”

“அதுதான். என்ன எழுதியிருக்கு அங்க?”

“தப்பா எழுதியிருக்கு.”

“என்னன்னு தப்பா எழுதியிருக்கு?”

அந்த நேரம் பார்த்து வேன் வந்து நின்றது. பதினேழு பிள்ளைகள் ஈரக் கோட்டும் மூக்குச்சளியுமாக உள்ளே கொட்டினார்கள். ஓரன் என்கிற பையன் கதவருகே இருந்தே, “ஆறு பன்றியாம்டா” என்று கத்தினான். “ஆறு பன்றி” என்று ரியோனா எல்லாரையும்விடச் சத்தமாகச் சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை மதியம், மற்றவர்கள் மைதானத்தில் இருந்தபோது, அட்ராக்டா விதை உருளைக்கிழங்கு விளம்பரச் சீட்டு ஒன்றை ரியோனாவின் முன் வைத்தாள். அதில் பாட்டும் இல்லை, படமும் இல்லை.

ரியோனா சீட்டைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். “எனக்கு உருளைக்கிழங்கு பிடிக்காது” என்றாள்.

“உன்னைத் தின்னச் சொல்லலை. படி.”

“தலை வலிக்குது.”

“ரியோனா.”

சிறுமி மேசை விளிம்பைச் சுரண்டினாள். வழக்கமான குரல் இல்லை இப்போது. “எழுத்தெல்லாம் ஓடுதான்னு சின்ன வகுப்பு டீச்சர் அப்ப கேட்டாங்க. ஓடல டீச்சர். எல்லாம் அந்தந்த இடத்துலதான் நிக்குது. ஆனா எங்கிட்ட பேச மாட்டேங்குது. ஓரன்கிட்ட பேசுது. அந்தச் சின்னப் பாப்பா மீவ்கிட்டகூட பேசுது.” சீட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “அம்மாகிட்ட சொல்லாதீங்க. வைத்தியன் வேஷம் போயிடும்” என்றாள்.

அட்ராக்டா அன்று தேநீரைக் குடிக்க மறந்தாள். ரியோனாவின் மூன்று வருஷத்து அறிக்கைகளை அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தாள். ‘சரளமாக வாசிக்கிறாள்.’ ‘மிகச் சரளமாக வாசிக்கிறாள்.’ ‘உணர்ச்சியோடு வாசிக்கிறாள்.’ மூன்றும் அவள் கையெழுத்து. ஊரே மனப்பாடமாக வைத்திருக்கும் பாட்டைக் கொடுத்து, அதைச் சொன்னவளை வாசித்தாள் என்று எழுதியிருக்கிறாள். வேறு ஊர்ப் பிள்ளையாக இருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். தன்னுடைய பெருமைக்குரிய வழியே இந்த ஒரு பிள்ளைக்கு ஒளிந்துகொள்ளப் புதராகியிருக்கிறது.

சில பேருக்கு இந்த மாதிரி அடி விழுந்தால் இரண்டு நாள் படுத்துக்கொள்வார்கள். அட்ராக்டா நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போனாள்.

“மாவட்டத்து வாசிப்பு நிபுணர் ஜனவரியில் வர்றாங்களே, நம்ம பள்ளிக்கு எத்தனை இடம்?”

“ஒண்ணே ஒண்ணு” என்றார் மலக்கி, பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி. “வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்குள்ள பேர் போகணும். பெற்றவங்க கையெழுத்தோட. நம்மகிட்ட ஆள் இல்லைன்னு எழுதிடலாம்னு இருந்தேன். உங்க வகுப்புலதான் எல்லாரும் படிக்கிறாங்களே.”

“ரியோனா மெக்கோர்ட்டி படிக்கல.”

பிஸ்கட் தேநீரில் விழுந்தது. “அந்தப் பொண்ணா? போன வருஷம் பாதிரியார் முன்னாடி அரை மணி நேரம் படிச்சாளே.”

“மனப்பாடமா ஒப்பிச்சா. படிக்கல.”

“வெள்ளிக்கிழமை விட்டுட்டா அடுத்த இடம் செப்டம்பர்ல. அப்ப அவ என் வகுப்புக்கு வந்திருப்பா” என்றார் மலக்கி. இதைச் சொல்லும்போது அவரே கொஞ்சம் கவலைப்பட்டார். அவர் வகுப்புப் புத்தகங்களில் பாட்டு கிடையாது. படமும் கிடையாது. ஆறுகளின் நீளமும் அரசர்களின் வருஷமும்தான். அங்கே போய் மாட்டிக்கொண்டால் ரியோனா வாயை மூடிக்கொள்வாள். ஒருமுறை வெட்கப்பட்டு மூடிய வாய் எத்தனை வருஷம் மூடியிருக்கும் என்பதை அட்ராக்டா மற்ற பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறாள்.

“கையெழுத்து வாங்கிட்டு வர்றேன்” என்றாள்.

“மஜெல்லாகிட்டயா?” மலக்கி கரண்டியால் பிஸ்கட்டைத் தேடினார். “கடவுள் துணை.”

மஜெல்லாவும் அட்ராக்டாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். ஒருத்தி மற்றவளின் பின்னலை மைக்கூட்டில் நனைத்திருக்கிறாள். யார் யாருடையதை என்பதில் இன்றுவரை தகராறு. மூன்று மணிக்கு வேன் ஜன்னலருகே நின்று அட்ராக்டா விஷயத்தைச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை.

மஜெல்லா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் கேட்டாள். கேட்டு முடித்ததும், “உனக்குக் காய்ச்சலா, டீச்சரம்மா?” என்றாள்.

“காய்ச்சல் இல்ல.”

“ஒன்பது வேஷத்துப் பாட்டும் ஒரு எழுத்து பிசகாம என் பொண்ணுக்குத் தெரியும். உன் வகுப்புல யாருக்குத் தெரியும்? உனக்குத் தெரியுமா?”

“தெரியறதுதான் சிக்கலே. காதால பிடிச்சது. கண்ணால இல்ல.”

“மூணு வருஷமா நல்லாப் படிக்கிறான்னு எழுதி அனுப்பினது யாரு? நானா?”

“நான்தான். தப்பா எழுதிட்டேன்.”

மஜெல்லா ஒரு நிமிஷம் அசந்துபோனாள். அட்ராக்டா கில்ஹூலி தன் தப்பைத் தானே ஒப்புக்கொண்டு அவள் கேட்டதேயில்லை. ஆனால் அதற்காக இறங்கி வருகிறவள் இல்லை அவள். “நீ தப்புப் பண்ணினா உன் பேரை எழுதி அனுப்பு. எம்பொண்ணுக்கு மண்டையில கோளாறுன்னு பட்டம் கட்டி நிபுணர்கிட்ட அனுப்ப மாட்டேன்.”

“கோளாறுன்னு யாரு சொன்னா? ஒரு புத்தகம் படிக்காம மூணு வருஷம் என்னையே ஏமாத்தியிருக்கா. இந்த மாவட்டத்துலயே அவ்வளவு புத்திசாலி வேற யாரும் இல்லை.” அட்ராக்டா கோட்டுப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினாள். “உன் கேப்டன் பாட்டு. நாலு இடத்துல பூக்கா கைவச்சிருக்கு. வீட்டுல வச்சுப் படிக்கச் சொல்லு. நாலையும் கண்டுபிடிச்சுட்டா நான் வாயைத் திறக்கல.”

மஜெல்லா தாளைப் பிடுங்கி விரித்தாள். கேப்டன் பாட்டு ஊரறிந்தது.

“நாயைக் கட்டு, நாற்காலி நகர்த்து, நாங்கள் வருகிறோம்,
நனைந்த காலோடு எட்டு மைல் நடந்து வருகிறோம்,
கதவு திறந்த வீட்டுக்கெல்லாம் கறவை பெருகட்டும்,
காலில் ஒட்டிய சேறு பொறு, கதை தொடங்கட்டும்.”

தாளிலோ நாய் இருந்த இடத்தில் பேய் இருந்தது. எட்டு மைல் எட்டு மாதம் ஆகியிருந்தது. கறவைக்குப் பதில் காய்ச்சல் பெருகியது. கடைசியில் கதைக்குப் பதில் சண்டை தொடங்கியது. வாய்விட்டுச் சிரிப்பு வந்ததை மஜெல்லா இருமி மறைத்தாள். “நாளைக்குக் காலையில வந்து உன் மூஞ்சியப் பாக்கறேன்” என்று சொல்லிவிட்டு வேனைக் கிளப்பினாள்.

மறுநாள் காலை வேன் நின்ற வேகத்திலேயே விடை தெரிந்துவிட்டது. மஜெல்லா இறங்கி வந்து தாளை அட்ராக்டாவின் கையில் திணித்தாள். நாலு இடத்திலும் பென்சிலால் கொழுத்த வட்டம்.

“நாலு. எண்ணிக்கோ. மைல் மாறினதைத்தான் முதல்ல பிடிச்சா. எனக்குக்கூட அது சட்டுன்னு தெரியல.”

பின்னால் நின்ற ரியோனா ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயித்தவள் நிற்கிற விதமாக அது இல்லை.

அட்ராக்டா வகுப்பில் அன்று முழுக்கக் கணக்குப் பாடம் நடத்தினாள். கை எழுதிக்கொண்டிருந்தது, மனம் வேறெங்கோ இருந்தது. தாளில் கண்ணே வைக்கத் தெரியாதவள் நாலு தப்பை எப்படிப் பிடித்தாள்? ஒருவேளை தான்தான் அவசரப்பட்டுவிட்டோமா? உருளைக்கிழங்குச் சீட்டன்று நிஜமாகவே தலைவலியா? அப்படியும் ஒரு நிமிஷம் நினைத்தாள். ஆனால் பன்றி? தான் ஹீட்டர் பக்கம் திரும்பியிருந்தபோது பன்றி ரியோனாவின் கண்ணில் படவில்லை. தான் திரும்பிப் பார்த்ததும் பட்டது.

ஏழாம் வாய்ப்பாட்டின் நடுவில் சுண்ணக்கட்டி நின்றது.

ரியோனாவின் விரல் தாளில் நகர்ந்தபோது அவள் கண் தாளில் இல்லை. அட்ராக்டாவின் முகத்தில் இருந்தது.

மூன்று மணிக்கு வேன் பக்கம் போனாள். “ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், சண்டைக்கு வராதே. நேத்து அவ படிக்கும்போது நீ எங்க உக்காந்திருந்த?”

“எங்க உக்காருவாங்க? அடுக்களை மேஜையில. எதிர்ல.”

“தாளைப் பாத்தியா, அவளைப் பாத்தியா?”

“ரெண்டையும். ஏன்?”

“விரல் தப்புக்கிட்ட வந்தப்ப உன் மூஞ்சி எப்படி இருந்தது?”

“மூஞ்சி மூஞ்சி மாதிரி இருந்தது.”

“மஜெல்லா, சீட்டாட்டத்துல உன்கிட்ட ராணி வந்தா கூடம் முழுக்கத் தெரியும். உன் புருஷன் உன்னோட ஜோடி சேர மாட்டேங்கறாரே, ஏன்?”

மஜெல்லாவின் காது சிவந்தது. அதைப் பார்த்ததும் அட்ராக்டாவுக்கு முழு நம்பிக்கை திரும்பிவிட்டது.

“நாளைக்குப் பள்ளி விட்டதும் கூடத்துல தொப்பி பின்ற வேலை இருக்குல்ல உனக்கு. நான் வர்றேன். வேற யாரும் வேண்டாம். நீ உன் கேப்டன் தொப்பியப் போட்டுக்கிட்டு உக்காரு. அவ படிக்கட்டும். நாலுல ரெண்டு பிடிச்சாக்கூட என் தோல்வி. கிறிஸ்துமஸ் மறுநாள் எல்லா வீட்டுக்கும் உங்க கூத்துச் சாமான் மூட்டையை நான் தூக்கிக்கிட்டு வர்றேன்.”

“இருபத்து மூணு வீடு.”

“தெரியும்.”

“மழை பெய்யும்.”

“அதுவும் தெரியும்.”

அட்ராக்டா கில்ஹூலி முக்காடு போட்டுக்கொண்டு மூட்டை சுமக்கும் காட்சி மஜெல்லாவின் கண்முன் ஓடியது. அது அவளுக்குப் பிடித்திருந்தது. “பழைய பூட்ஸ் இருந்தா தேடி வை” என்றாள்.

வியாழக்கிழமை மூன்றரைக்கு ஊர்க் கூடத்தில் ஓட்ஸ் வைக்கோல் வாசனை. தரையெல்லாம் வைக்கோல் சிதறிக் கிடந்தது. சுவரோரம் முடிந்த தொப்பிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் கூம்பு மாதிரி, ஒரு முழத்துக்குமேல் உயரம், மார்புவரை தொங்கும் வைக்கோல். போட்டுக்கொண்டால் உள்ளே இருப்பவர் யார் என்று கட்டின புருஷனுக்கே தெரியாது. முகம் தெரியாமல் வருகிறவரை யார் என்று வீட்டுக்காரர்கள் ஊகிக்க வேண்டும், அதுதானே அந்த விளையாட்டின் ருசி.

மஜெல்லா தன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். வேன் ஓட்டும் மஜெல்லா போய், அங்கே ஒரு வைக்கோல் போர் உட்கார்ந்திருந்தது.

“இது எதுக்கு?” என்றாள் ரியோனா. அவள் குரல் லேசாக ஏறியது.

“ஒத்திகை மாதிரிதான்” என்றாள் அட்ராக்டா. “இந்தா, புதுத் தாள். அதே கேப்டன் பாட்டு. பூக்கா இதுலயும் நாலு இடத்துல கைவச்சிருக்கு, ஆனா வேற வேற இடம். நான் ஜன்னல் பக்கம் போய் நிக்கறேன்.” சொன்னபடியே போய் முதுகைக் காட்டி நின்றாள். வெளியே மழை, ஒரு டிராக்டர், ஈரமான ஒரு நாய். அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரியோனா ஆரம்பித்தாள். “நாயைக் கட்டு, நாற்காலி நகர்த்து...”

தாளில் நாற்காலி இல்லை, நரி இருந்தது. அவள் குரல் நிற்காமல் போனது. இரண்டாம் வரியிலும் மூன்றாம் வரியிலும் அப்படியே. நான்கு வரியையும் கணீரென்று சொல்லி முடித்தாள். பூக்கா போட்ட நாலு குழியையும் கால் படாமல் தாண்டியிருந்தாள்.

“முடிஞ்சுதா?” என்றது வைக்கோல் போர். குரலில் எதுவும் தெரியவில்லை.

“இருங்க, இப்பதான் தேடப் போறேன்.” விரல் முதல் சொல்லில் ஊன்றியது. மெதுவாக நகர்ந்தது. அவள் தலை நிமிர்ந்து எதிரே பார்த்தாள். வைக்கோல். விரல் அடுத்த சொல்லுக்கு நகர்ந்தது. மறுபடி நிமிர்ந்தாள். வைக்கோல். ஜன்னலைப் பார்த்தாள். அங்கே டீச்சரின் முதுகு. முதல் வரி முடிந்தது, இரண்டாம் வரி முடிந்தது, விரல் எங்கும் நிற்கவில்லை. அப்புறம் திரும்பவும் முதலுக்கே வந்தது.

ரியோனா தாளைக் கீழே வைத்தாள்.

“தொப்பியக் கழட்டுங்கம்மா” என்றாள் ரியோனா. “உங்க மூஞ்சி தெரியல எனக்கு.”

வைக்கோல் போர் அசையவில்லை. உள்ளே மஜெல்லா என்ன முகம் வைத்திருந்தாள் என்று அட்ராக்டாவுக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தபோது, மடியிலிருந்த இரண்டு கைகள் மட்டும் ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டிருந்தன.

“செவ்வாக்கிழமை... என் மூஞ்சியவா படிச்ச?”

“உங்க மூஞ்சி ஈஸிம்மா. புருவம் ஏறுது. டீச்சருக்கு மூக்கு. மலக்கி சாருக்குத் தாடை.” அவள் சுவரோரத் தொப்பிகளைப் பார்த்தாள். “வைத்தியன் வேஷத்த ஓரனுக்குக் கொடுத்துடுவீங்களா?”

“ஓரனுக்கா? அவன் தும்மினா பாட்டு மறந்துடும்.” வைக்கோலுக்குள்ளிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “வேஷம் உன்னோடதுதான். வாய் உன்னோடது. அதை யாரும் புடுங்க முடியாது.”

ரியோனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அட்ராக்டா ஜன்னலை விட்டு வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். வைக்கோல் குத்தியது. அதைப் பொருட்படுத்தாமல் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தாள். ஒரே ஒரு வரி, பெரிய எழுத்தில், சொல்லுக்குச் சொல் நல்ல இடைவெளி விட்டு.

“இது பாட்டோட கடைசி வரி. உனக்குத் தெரிஞ்சது. அதைச் சொல்லு. ஆனா வேகமா வேண்டாம். ஒரு சொல்லுக்கு ஒரு விரல். வாய் சொல்ற சொல்லும் விரல் தொடற சொல்லும் ஒண்ணா நடக்கணும், வேன்ல ஜோடி ஜோடியா ஏறுவீங்களே அந்த மாதிரி.”

“காலில்” என்றாள் ரியோனா. விரல் முதல் சொல்மேல். “ஒட்டிய.” இரண்டாவது. “சேறு. பொறு. கதை. தொடங்கட்டும்.”

பாட்டு முடிந்துவிட்டது. தாளில் ஒரு சொல் மிச்சம் இருந்தது.

அவள் நெற்றி சுருங்கியது. முதலிலிருந்து மறுபடி சொன்னாள். மறுபடி ஒன்று மிச்சம். “தப்பு டீச்சர். ஆறு சொல்லுதானே பாட்டுல. இங்க ஏழு இருக்கு. யாரோ கூட ஏறியிருக்காங்க.”

“யாருன்னு பாரு.”

இந்த முறை அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தாளின்மேல் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்தாள். கடைசிச் சொல்லைத் தொட்டாள். “இது ‘தொடங்கட்டும்’. நீளமா இருக்கு, பாட்டுலயும் இதான் நீளம். அப்ப இது ‘கதை’. சின்னது. இது ‘பொறு’.” பின்பக்கமாக நடந்து வந்தாள். பின்பு முன்பக்கத்திலிருந்து வந்தாள். “இது ‘காலில்’. இது ‘ஒட்டிய’.” இரண்டு பக்கமிருந்தும் வந்த விரல்கள் நடுவில் இரண்டு சொற்களைச் சிறைப்பிடித்தன. அதில் ஒன்றைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். நாற்காலிமேல் இருந்த, பூக்கா தொடாத முழுப்பாட்டுத் தாளை இழுத்து வைத்து, அதிலுள்ள கடைசி வரியோடு ஒப்பிட்டாள். யாரும் சொல்லித்தராமல் தானாகவே இழுத்தாள். பிறகு தன் கட்டை விரலை ஒரு சொல்லின்மேல் வைத்து அழுத்தினாள்.

“இதுதான். இது என்னன்னு எனக்குத் தெரியல. ஆனா இது நம்ம பாட்டுச் சொல் இல்ல.”

அட்ராக்டாவின் மூக்கு என்ன செய்ததோ தெரியாது. ரியோனா அதைப் பார்க்கவே இல்லை.

“சரிதான்” என்றாள் அட்ராக்டா. “நீ இன்னிக்குத்தான் முதல்முதலா படிச்சிருக்க. இப்படியே ஒவ்வொண்ணா, பக்கத்துல உக்காந்து சொல்லித்தர ஆள் வேணும் உனக்கு. எப்படிச் சொல்லித்தரணும்னு எனக்கே சொல்லித்தர ஒரு ஆள் ஜனவரியில வர்றாங்க.”

தொப்பி கழன்றது. மஜெல்லாவின் முகம் சிவந்து வியர்த்திருந்தது, தலைமுடியில் வைக்கோல். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தாள். “எங்க அந்தப் படிவம்?”

அட்ராக்டா கொடுத்தாள். மஜெல்லா அதை முழங்காலில் வைத்து முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படித்தாள். கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவள் நிறுத்தினாள்.

“மூணு வருஷத்து அறிக்கை உன் அலமாரியில இருக்குல்ல. ‘சரளமாக வாசிக்கிறாள்’.”

“இருக்கு.”

“அதையும் அந்த நிபுணரம்மா பாப்பாங்கல்ல. பாத்துட்டு, டீச்சர் நல்லாத்தானே எழுதியிருக்காங்க, அம்மாக்காரி ஏன் கூட்டிட்டு வந்தான்னு கேட்டா?”

அட்ராக்டா கைப்பையைத் திறந்தாள். மூன்று அறிக்கைகளும் அதில் இருந்தன. இது கேட்கப்படும் என்று அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. ஒவ்வொன்றிலும் அந்த வரியை ஒரே கோட்டில் அடித்தாள். பக்கத்தில் எழுதி, தேதி போட்டு, மஜெல்லாவிடம் நீட்டினாள்.

“நீயே சத்தமாப் படி” என்றாள் மஜெல்லா. “அவளுக்கும் கேக்கட்டும்.”

“‘கேட்டதை மறக்காதவள். முகங்களைப் படிப்பதில் இவளை மிஞ்ச ஆள் இல்லை. எழுத்து வாசிக்க இன்னும் கற்றுத்தரப்படவில்லை. தவறு ஆசிரியருடையது.’”

மஜெல்லா தலையாட்டிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். வேன் ஓட்டுகிறவள் கையெழுத்து, தாளைக் கிழித்துவிடும் அழுத்தம். “மூட்டை தூக்கறதுலேர்ந்து தப்பிச்சுட்ட. அதுதான் எனக்கு வருத்தம்.”

“மலக்கியைத் தூக்கச் சொல்லு. அவருக்குத்தான் நடை வேணும்.”

படிவம் வெள்ளிக்கிழமை பன்னிரண்டுவரை காத்திருக்கத் தேவையில்லை. மலக்கி இன்னும் பள்ளியில்தான் இருப்பார். அட்ராக்டா எழுந்து கோட்டை மாட்டினாள்.

“டீச்சர்” என்றாள் ரியோனா. அவள் எழுந்திருக்கவில்லை. கட்டை விரல் இன்னும் அந்தச் சொல்லின்மேலேயே இருந்தது. “போறதுக்கு முன்னாடி. இது என்ன சொல்லு?”

“முதல் எழுத்து உனக்குத் தெரியும். உங்கம்மா பேரும் அதுலதான் ஆரம்பிக்குது. அங்கேர்ந்து ஆரம்பி.”

அட்ராக்டா கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு மறுபடி வைக்கோலில் உட்கார்ந்தாள். ரியோனா விரலை எடுத்துவிட்டு எழுத்தை முறைத்தாள். எதிரே இருந்த மஜெல்லா, தாளை எட்டிப் பார்த்ததுமே புருவம் ஏறுவதை உணர்ந்து, அவசரமாகத் தொப்பியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

“நான் இல்லைன்னு நெனச்சுக்கோ” என்றது வைக்கோல் போர். “படி.”